நிழல் விழாத முகம்

அந்தப் பத்திரிகையை எடுத்த எடத்துலயே வைங்கம்மா. பாத்துட்டீங்கள்ல. ஆமா, என் பொண்ணு கல்யாணந்தான். ஆவணி பன்னெண்டு. இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அடுத்து என்ன கேக்கப் போறீங்கன்னும் எனக்குத் தெரியும். "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு போட்டோ நீங்களே எடுப்பீங்களா, வெளியில ஆள் வைப்பீங்களா?" அதானே? இந்த மேலூர்ல டீ மாஸ்டர்லேர்ந்து கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வர்றவர் வரைக்கும் இதைத்தான் கேக்குறாய்ங்க. நானும் பல்லைக் காட்டி வைக்கிறேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. நான் எடுக்கலை. எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. யாரு? நான் பெத்தவ.

உக்காருங்க, அந்த ஸ்டூல்ல. மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்குற போட்டோதானே? முதுகை நிமித்துங்க. இந்தா பாருங்க, வலது பக்கம் ஒரு குடை லைட்டு, இடது பக்கம் ஒரு குடை லைட்டு, மேல ஒண்ணு. முகத்துல நிழலுங்கிற பேச்சே இருக்காது. உங்க நிறத்தைப் பத்திக் கவலையே படாதீங்க, அதுக்கு நான் பொறுப்பு. உங்களை மாதிரி எத்தனை பொண்ணுங்களைக் கரையேத்தியிருக்கேன் தெரியுமா? முப்பத்துநாலு வருசம்மா. இந்த ஊர்ல தாலி ஏறுன கழுத்துல பாதி இந்த ஸ்டூல்ல உக்காந்து எந்திரிச்ச கழுத்துதான்.

என்னைக்காவது ஒருத்தர் வந்து, "என்னண்ணே, எம் பொண்ணு கறுப்பா விழுந்துருக்கா"ன்னு கேட்டிருக்காய்ங்களா? கேட்டதில்ல. ஏன்? எனக்கு வெளிச்சம் தெரியும். வெளிச்சம்னா என்னம்மா? நிழலை வெரட்டுறது. அவ்வளவுதான் தொழிலு. மூக்குக்குக் கீழ நிழல் இருக்கா, வெரட்டு. கண்ணுக்குக் கீழ இருக்கா, வெரட்டு. தாடைக்குக் கீழயா, மடியில ஒரு தெர்மாகோல் அட்டையை வை, வெரட்டு. இதை எனக்கு ஒருத்தனும் சொல்லித் தரலை. நானாக் கத்துக்கிட்டது.

இப்ப எனக்கு வெளிச்சம்னா என்னன்னு பாடம் எடுக்குறாம்மா ஒருத்தி. பெனிட்டாவாம். என் பொண்ணு கணக்கு டீச்சரா இருக்குற ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். முப்பது வயசு இருக்குமா? இருக்காது. என் கேமரா ஸ்டாண்டு வயசு இருக்காது அவளுக்கு. அவதாம்மா என் வீட்டைக் கெடுத்தவ.

என் பொண்ணு பேரு செண்பகம். பாத்தீங்களே பத்திரிகையில, செண்பகலட்சுமி. ஒரே பொண்ணு. அவ பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில எங்க பெரிய அத்தை வந்து துணியை விலக்கிப் பாத்துட்டு, "அடியாத்தி, அப்பன் கலரு அப்படியே வந்துருச்சே"ன்னுச்சு. பொம்பளைப் பிள்ளை பொறந்த வீட்டுல பேசுற பேச்சா அது? என் பொண்டாட்டி செவத்தவ. பிள்ளைக்கு அந்தக் கலரு வந்துருக்கலாம். வரலை. என்னுது வந்துருச்சு. எனக்கு நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி ஆயிருச்சும்மா. நேரா கடைக்கு வந்தேன், பெரிய பிளாஷைத் தூக்கிட்டுப் போனேன், நேருக்கு நேரா வச்சு ஒரு அடி அடிச்சேன். பிள்ளை வீல்னு கத்துச்சு. ஆனா பிரிண்டு போட்டுப் பாத்தா, ரோசாப்பூ. அந்த அத்தைகிட்டக் கொண்டு போய்க் காட்டுனேன். வாயை மூடிக்கிச்சு.

அன்னிக்கு முடிவு பண்ணேன். என் நிறத்தைத்தானே குடுத்துட்டேன், அதை என் கையாலயே சரிபண்றேன்னு. காது குத்துனப்ப, ஸ்கூல்ல சேத்தப்ப, சடங்கு சுத்துனப்ப, டிகிரி வாங்குனப்ப, ஒரு படத்துல, ஒரே ஒரு படத்துலயாவது அவ கறுப்பா இருக்காளா? கிடையாது. பதினோரு ஆல்பம்மா. வேற எந்த அப்பன் செஞ்சிருக்கான்? சொல்லுங்க.

முகவாயைக் கொஞ்சம் எறக்குங்க. அப்படித்தான்.

மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சப்பவும் நான் எடுத்த படந்தான் போச்சு. பாத்தவுடனே சிவகங்கையிலேர்ந்து கெளம்பி வந்துட்டாய்ங்க. காப்பியைக் குடுத்துட்டு நிக்கிறா என் பொண்ணு. அந்த மாப்பிள்ளையோட அம்மா காப்பியை வாங்கிக்கிட்டு, "பொண்ணை வரச் சொல்லுங்க"ங்குது. முன்னாடி நிக்கிறவளைப் பாத்து! கண்ணு தெரியாத சென்மம். அடுத்து ஒட்டன்சத்திரத்துலேர்ந்து வந்தாய்ங்க. அவிங்களும் போட்டோவைப் பாக்குறாய்ங்க, இவளைப் பாக்குறாய்ங்க, மறுபடி போட்டோவைப் பாக்குறாய்ங்க. போய்ச் சொல்லி அனுப்புறோம்னாய்ங்க. சொல்லி அனுப்பலை. நல்ல படத்தைப் பாத்து ரசிக்கத் தெரியாதவய்ங்க. அதுக்கப்புறம் செண்பகம் சொல்லிட்டா, இனிமே என் படத்தை யாருக்கும் அனுப்பாதீங்கப்பான்னு. அவளுக்குக் கோவம் அந்த ஆளுங்க மேலன்னு நான் நெனச்சேன். நெனைக்க மாட்டேனா?

சரி, அது போகட்டும். இப்ப இருக்குற மாப்பிள்ளை அதே ஸ்கூல்ல பிசிக்ஸ் வாத்தியார். போட்டோவே பாக்கலை. அவருக்கு இவளைத் தெனமும் தெரியும். அவரா வந்து கேட்டாரு, முடிஞ்சிருச்சு. நல்ல பையன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் படம் இல்லாமயே முடிஞ்சிருச்சேன்னு ஒரு இது. அவ்வளவுதான்.

விசயத்துக்கு வர்றேன். ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கெழமை. "அப்பா, ஸ்கூல்ல எக்சிபிசன், பன்னெண்டு மணிக்கு வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்"னா செண்பகம். நான் என்ன நெனச்சேன், எக்சிபிசனைப் படம் எடுக்கக் கூப்பிடுறான்னு கேமராப் பையோட போனேன். ஹால்ல ஒரு படத்துக்கு முன்னாடி மட்டும் கூட்டம். நானும் போய் எட்டிப் பாத்தேன். ஆயில் பெயிண்டிங்கு. கதவுல பாதி உசரம் இருக்கும். ஜன்னலோரத்துல ஒரு பொம்பளை உக்காந்து நோட்டு திருத்திக்கிட்டு இருக்கு. இடது பக்கம் மட்டும் வெளிச்சம். மறுபக்கம் இருட்டு. பாதி மூஞ்சி இருட்டும்மா! எனக்குத் தொழில் புத்தி, ஒரு ரிப்ளெக்டர் வச்சிருந்தா சரியாயிருக்கும்னு மனசு சொல்லுது. சும்மா இருக்காம வாயைத் தொறந்து, "நல்லாத்தான் இருக்கு, யாரு இந்தம்மா, இங்க வேலை பாக்குறவங்களா?"ன்னு கேட்டுட்டேன்.

எல்லாரும் என்னையப் பாக்குறாய்ங்க. செண்பகம் எனக்குப் பக்கத்துல நிக்கிறா. "அப்பா, நான்தான்"ங்கிறா.

நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேல? சொந்த அப்பனுக்கே அடையாளம் தெரியலைன்னா வரைஞ்சவ மேலதானே தப்பு?

கிட்டப் போய்ப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. நெத்தியில நீலம் பூசியிருக்கா. நீலம்மா! எம் பொண்ணு நெத்தியில! தாடையில பச்சை. கழுத்துக்குக் கீழ செங்கல் கலரு. கலியாணம் நிச்சயம் ஆன பொண்ணை யாராவது இப்படி ஹோலிப் பண்டிகை மாதிரி பண்ணி வைப்பாளா? அந்த பெனிட்டா வந்து நிக்கிறா, சாந்தமா. கத்துறவளா இருந்தாக் கூடத் தேவலை.

"என்னம்மா இது, எம் பொண்ணு என்ன ஊதாவா?"ன்னேன்.

"இல்ல சார். ஜன்னலுக்கு வெளியில வானம் இருக்கு, அந்த நீலம் நெத்தியில விழுது. வேப்பமரத்துப் பச்சை தாடையில விழுது. தரை செவப்பு, அது கழுத்துல ஏறுது. செண்பகத்தோட தோலு எல்லா வெளிச்சத்தையும் வாங்கிக்குது சார். எனக்கு நூறு கலர் பத்தலை."

வாங்கிக்குதாம்! எனக்குத் தெரியாதா அது? பச்சைச் செவுத்துப் பக்கத்துல நின்னா மூஞ்சியில பச்சை அடிக்கும், எந்த போட்டோகிராபருக்கும் தெரியும். அதைக் கம்ப்யூட்டர்ல உக்காந்து எடுக்குறதுக்குத்தானே நாங்க இருக்கோம்! நான் ஒண்ணு ஒண்ணா எடுத்துப் போடுற அழுக்கை எல்லாம் இவ பொறுக்கிப் பொறுக்கி ஒட்டி வச்சிருக்கா. அதுக்கு எத்தனை நாளாம் தெரியுமா? ஒரு டேர்ம். பதினொன்னே முக்காலுக்கு அந்த ஜன்னல்ல வெளிச்சம் அப்படி வருமாம், இருவது நிமிசந்தான் நிக்குமாம், அந்த பீரியடு செண்பகத்துக்கு ஓய்வாம். தெனமும் இருவது நிமிசம் இவளைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாளாம். எனக்கு ஒரு செகண்டைக் கூறு போட்டு நூத்திருவத்தஞ்சுல ஒண்ணு குடுத்தாப் போதும்மா. முடிச்சிருவேன்.

சிரிக்காதீங்க. வாயை மூடிச் சிரிங்க, பல்லு தெரிய வேணாம்.

அதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கிட்டேன். அப்புறந்தான் கன்னத்தைப் பாத்தேன். இடது கன்னத்துல, எலும்புக்குக் கீழ, ஒரு பள்ளம். உள்ள ஒரு புள்ளி நிழலு, விளிம்புல ஒரு சொட்டு வெளிச்சம். பெயிண்டு காயுறதுக்குள்ள ஏதோ பட்டுருச்சு போலன்னு நெனச்சு, "இதையாவது சரி பண்ணக் கூடாதா, பள்ளம் விழுந்து கெடக்கே"ன்னேன். அவ சொல்றா, "அது பள்ளம்தான் சார். செண்பகத்தோட அம்மைத் தழும்பு. பக்கவாட்டு வெளிச்சத்துலதான் தெரியும். எனக்கு அதை வரையத்தான் நாலு நாள் ஆச்சு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அம்மைத் தழும்பா? எம் பொண்ணுக்கா? கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு மூஞ்சியில இல்லாத தழும்பை வச்சு, அதை ஊருக்கு முன்னாடி மாட்டி வச்சா பெத்தவன் சும்மா இருப்பானா? "எம் பொண்ணுக்குத் தழும்பே கெடையாது, என்கிட்ட அத்தாட்சி இருக்கு"ன்னேன். "அப்பா"ன்னு இவ கையைப் புடிச்சா. உதறிட்டேன். வண்டியை எடுத்தேன், வீட்டுக்குப் போனேன், கையில கெடைச்ச மூணு ஆல்பத்தைத் தூக்கிட்டுப் பத்தே நிமிசத்துல திரும்ப வந்துட்டேன்.

மேசையில போட்டு விரிச்சேன். இந்தாங்க, சடங்கு. தழும்பு எங்க? இந்தாங்க, பன்னெண்டாவது. எங்க? டிகிரி வாங்குனது, குளோஸப்பு, கன்னம் இவ்வளவு பெருசாத் தெரியுது. எங்க இருக்கு தழும்பு, காட்டுங்க! ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பாத்தாங்க. "இல்லைதான்"னாங்க. கேட்டுக்கிட்டீங்களான்னு அந்த பெனிட்டாவைப் பாத்தேன். அவ ஆல்பத்தையே பாக்கலை. எம் பொண்ணைப் பாக்குறா. அந்த டீச்சர் கண்ணுல தண்ணி. தோத்துட்டமேன்னு அழுகுறான்னு நெனச்சேன்.

செண்பகம் என் கிட்ட வந்தா. ஆல்பத்துல வச்சிருந்த என் வெரலைப் புடிச்சா. தூக்கி அவ கன்னத்துல வச்சா. "அப்பா, இங்க"ன்னா.

இருந்துச்சும்மா. ஒரு கடுகு உக்கார்ற அளவு. வெரல்ல தட்டுப்பட்டுச்சு.

அவ்வளவு பேருக்கு முன்னாடி! பெத்த அப்பனைச் சபையில வச்சு மூக்கறுத்துட்டா. வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கலாம்ல? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? ஆல்பத்தை அள்ளிக்கிட்டு வெளிய வர்றேன், ஒருத்தரும் என்னையப் பாக்கலை. எல்லாரும் அந்தப் படத்தையே பாக்குறாய்ங்க.

எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க. அவ மூணாப்பு படிக்கிறப்ப அம்மை போட்டுச்சு. வைகாசி மாசம், நல்ல முகூர்த்த சீசன். "கல்யாண வீடு கல்யாண வீடாப் போயிட்டு வர்ற ஆளு, ஆத்தா வந்திருக்குற வீட்டுக்குள்ள வரக் கூடாது"ன்னு வாசல்ல வேப்பிலையைக் கட்டிட்டாய்ங்க. நான் இந்தக் கடையிலதாம்மா பதிமூணு நாள் படுத்திருந்தேன். சோத்துக்கு ஓட்டலு. தெனமும் தெருமுனை வரைக்கும் போயி, வேப்பிலை கட்டுன வாசலைப் பாத்துட்டுத் திரும்பி வருவேன். மூணு தண்ணி ஊத்தி முடிச்சு உள்ள விட்டாய்ங்க. போன உடனே என்ன பண்ணேன்? பிளாஷைப் போட்டு ஒரு படம் எடுத்தேன். பிலிமைக் கழுவிப் பாத்தேன், ஒரு வடு இல்ல. மாரியாத்தா எம் பிள்ளை மூஞ்சியைக் காப்பாத்திக் குடுத்துட்டான்னு கோயிலுக்குப் போயி முடி எறக்குனேன். அந்தப் படம் இன்னும் என் பீரோவுல இருக்கு. நேருக்கு நேரா பிளாஷ் அடிச்சா பள்ளம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்மா. தொழில்காரன் எனக்குத் தெரியாதா? ஆனா அன்னிக்குத் தோணலை. எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு எனக்கு வேணும்போல இருந்துச்சு.

இந்தப் பக்கம் பாருங்க. என்னையப் பாக்காதீங்க, லென்ஸைப் பாருங்க.

அன்னிக்கிச் சாயங்காலமே சொல்லிட்டா. கல்யாணத்துல நீங்க எடுக்க வேணாம்ப்பா. மண்டபத்து வாசல்ல பிளக்ஸ் பேனர் வேணாம். பெனிட்டா வரைஞ்ச அந்தப் படம் நிக்கட்டும். கேட்டீங்களா? முந்நூறு கல்யாணத்துக்கு வாசல் பேனர் அடிச்சுக் குடுத்தவன் பொண்ணு கல்யாணத்துல, பாதி மூஞ்சி இருட்டா இருக்குற படம் நிக்கும். வர்றவன் போறவன்லாம், "என்னண்ணே, கரண்டு போனப்ப வரைஞ்சதா"ன்னு கேப்பான். நான் குதிச்சேன். அவ அம்மா குறுக்க வந்து, "அவ முடிவு பண்ணிட்டா, நீங்க விடுங்க"ங்கிறா. இருவத்தேழு வருசம் நான் எடுக்குறப்பல்லாம் பக்கத்துல நின்னு பொட்டைச் சரி பண்ணி விட்டவ, இப்ப அவ கட்சி.

எனக்கு ரோசம் வந்துருச்சு. ஒரு டிராயிங் டீச்சரால முடியுறது என்னால முடியாதா? போன ஞாயித்துக்கெழமை செண்பகத்தைக் கூப்பிட்டேன். "வாம்மா, இந்த ஜன்னல் பக்கம் உக்காரு. பிளாஷ் இல்ல, குடை இல்ல, கம்ப்யூட்டர்ல தொட மாட்டேன். உங்க டீச்சர் மாதிரியே ஒரே வெளிச்சத்துல எடுக்குறேன். நல்லா இருந்தா கல்யாணத்துக்கு நான்தான் எடுப்பேன்"னேன். அவ யோசிச்சா. அப்புறம் வந்து உக்காந்தா. தலையைக்கூட வாரலை. அப்படியே உக்காந்தா.

எடுத்தேம்மா. ஒரே ஒரு படந்தான். என் சர்வீஸ்ல அந்த மாதிரி எடுத்ததில்ல. இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் நிழலு, வெரட்டவே இல்ல. கேமராவைத் திருப்பி ஸ்கிரீன்ல காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தா. பெரிசாக்கி, கன்னத்துக்கிட்டக் கொண்டு போயிப் பாத்தா. தழும்பு இல்ல. வெளுத்துப் போயிருந்துச்சு.

"எவ்வளவு ஏத்துனீங்கப்பா?"ன்னா. இந்தக் கடையில வளந்தவ, அவளுக்கு எல்லாம் தெரியும்.

அப்பத்தாம்மா நானே பாத்தேன். ரெண்டு ஸ்டாப்பு ஏறியிருக்கு. ரெண்டு ஸ்டாப்புன்னா என்னன்னா, கேமராவுக்குள்ள போற வெளிச்சம் நாலு மடங்கு. இருக்குறதை விட நாலு மடங்கு. சத்தியமாச் சொல்றேன், நான் ஏத்தணும்னு நெனைக்கலை. மாரியாத்தா மேல ஆணையா நெனைக்கலை. அவ மூஞ்சியைப் பாத்த உடனே என் கட்டைவெரல் தானாப் போயித் திருகியிருக்கு.

அவ கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். கத்தலை. என் கழுத்துலேர்ந்து கேமராவைக் கழட்டி மேசையில வச்சா. "கல்யாணத்தன்னிக்கு இது வேணாம்ப்பா. சும்மா வாங்க. முன்னாடி உக்காந்து என்னையப் பாருங்க, போதும்"னா.

பாக்கணுமாம். இருவத்தேழு வருசமா நான் வேற என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தேன்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. சரி, பாத்துட்டாப் போச்சு, இது என்ன பெரிய வித்தையான்னு, நேத்து மத்தியானம் அவ சோறு போட உக்காந்தப்ப, கேமரா இல்லாம நேருக்கு நேராப் பாத்தேன். அவளும் நிமிந்து என்னையப் பாத்தா. ஒரு நிமிசங்கூட முடியலைம்மா. தலையைக் குனிஞ்சு சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருக்கேன். கோவந்தான், வேற ஒண்ணுமில்ல.

அந்தக் கன்னம், அந்த நெத்தி, அந்தக் கறுப்பு. அச்சு அசல் என் மூஞ்சிம்மா அது.